வெள்ளவத்தைக்கு ஒரு ட்ரங் கோல்

1974ஆம் ஆண்டு ஆகஸ்ட் ஆறாந் திகதி, செவ்வாய்க்கிழமை, நவமணி தன் முறைக்கு முக்கால் மணி நேரம் முன்னதாகவே வேலைக்குப் போனாள். கூட வேலை செய்யும் இராசாத்தியின் மகளுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். பிள்ளையை மருந்தெடுக்கக் கொண்டுபோக வேண்டும், கொஞ்சம் முந்தி வந்து தன் இடத்தில் இருக்க முடியுமா என்று அவள் முதல் நாளே கேட்டிருந்தாள்.

கல்லடிச்சந்தித் தபால் கந்தோரின் பின்னறையில்தான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் இருந்தது. ஊரில் மொத்தம் அறுபத்திரண்டு இணைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பலகையில் ஒரு சின்னப் பித்தளை மூடி. யாராவது தங்கள் போனின் கைபிடியைச் சுற்றினால் அந்த மூடி டக்கென்று விழும். நவமணி வயரைச் செருகி, "நம்பர் சொல்லுங்கோ" என்பாள். உள்ளூர் என்றால் உடனே கிடைக்கும். வெளியூர் என்றால் ட்ரங் கோல். யாழ்ப்பாணத்தைப் பிடித்து, அங்கிருந்து கொழும்பைப் பிடித்து, லைன் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அவள் செய்துவரும் வேலை அது.

அன்று சோளகக் காற்று பேயாக அடித்துக்கொண்டிருந்தது. பத்தரை மணிக்குப் பதினேழாம் நம்பரின் மூடி விழுந்தது. சந்தியில் இரும்புக்கடை வைத்திருக்கும் கிறிஸ்துநாயகம்.

"பிள்ளை இராசாத்தி, வெள்ளவத்தைக்கு ஒரு ட்ரங் கோல் வேணும்," என்றார்.

நவமணி தான் இராசாத்தி இல்லை என்று சொல்லவில்லை. அவசரம், அதே நேரம் இன்னும் இரண்டு மூடிகள் விழுந்து கிடந்தன. நம்பரைக் குறித்து, ஒவ்வொரு ட்ரங் கோலுக்கும் எழுதிவைக்கும் கோல் துண்டில், இணைத்தவர் பெயராக இராசாத்தியின் பெயரையே எழுதினாள். அது அவளுடைய முறைதானே. கால் மணி நேரத்தில் லைன் கிடைத்தது. இணைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தாள்.

மூன்று நிமிடம் முடிந்ததும் லைனுக்குள் போய்ச் சொல்ல வேண்டும். அது விதி. நவமணி பலகையிலிருந்த பேச்சுச் சாவியைத் தட்டி லைனுக்குள் போனாள். "மூண்டு நிமிசம்" என்று சொல்ல வாயெடுத்தவள், கிறிஸ்துநாயகத்தின் குரல் கேட்டு நின்றாள்.

"உவன் வேலையில்லாமல் நிக்கிறான் எண்டு இஞ்சை ஒருத்தருக்கும் தெரியாது. இருபத்திநாலாந் திகதி மட்டும் அப்பிடியே இருக்கட்டும். தாலி கட்டினாப் பிறகு ஆறுதலாச் சொல்லலாம்."

மறுமுனையில் ஒருவர் ஏதோ கேட்டார். கிறிஸ்துநாயகம் சொன்னார்: "டொக்டர் என்ன சொல்லுறார்? கலியாணத்துக்கு முதல் திரும்பக் காட்டச் சொன்னவரோ?"

பிறகு காற்றில் லைன் இரைந்தது. நவமணி மெல்லச் சாவியை மூடினாள். மூன்று நிமிடம் முடிந்ததை அவள் சொல்லவேயில்லை.

கிறிஸ்துநாயகத்துக்கு ஒரே தம்பி, ஜெபநேசன். கொழும்பில் கப்பல் கொம்பனி ஒன்றில் கிளாக்கர். ஆகஸ்ட் இருபத்திநாலாந் திகதி, சனிக்கிழமை, அவனைக் கலியாணம் முடிக்க இருந்தவள் செல்வநாயகி. நவமணியின் தங்கை.

*

பின்னேரம் வீட்டுப் படலையைத் திறக்கும்போதே தையல் மெசின் சத்தம் கேட்டது. செல்வநாயகி மிஷன் பாடசாலையில் தையல் படிப்பிப்பவள், வயது இருபத்தாறு. பள்ளிக்கூடம் விடுமுறை. கலியாணச் சட்டையைத் தானே தைத்துக்கொண்டிருந்தாள். கைக்கு வெள்ளை லேஸ் வைப்பதா வேண்டாமா என்று நாலு நாளாக அவளுக்கும் அம்மாவுக்கும் வாக்குவாதம்.

அம்மா பொன்மலர் குசினியில் சீனி நிறுத்துக்கொண்டிருந்தாள். அந்த வருடம் சீனி கூப்பனுக்குத்தான். அதுவும் ஆளுக்கு ஒரு பிடி. கலியாணக் கேக்குக்கு அது எந்த மூலைக்குக் காணும்? ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்கு வரும் பெண்கள் ஒவ்வொருவரிடமும் அம்மா சீனி கேட்டிருந்தாள். ஒருத்தி ஒரு தகரப் பேணி, இன்னொருத்தி அரைப் பேணி என்று பதினான்கு வீட்டிலிருந்து வந்து சேர்ந்திருந்தது.

"இனி முட்டைதான் பிள்ளை," என்றாள் அம்மா. "தங்கமுத்து அக்கா இருவது தாறனெண்டவ."

அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நவமணி பார்த்து எட்டு வருடம் இருக்கும். அப்பா மிஷன் பாடசாலை வாத்தியார். அவர் செத்தபோது சவப்பெட்டி செய்விக்கவும், சொந்தக்காரருக்குச் சொல்லியனுப்பவும், சபைப் போதகரான ஐயரைக் கூட்டிவரவும் ஓடித் திரிந்தவர் இதே கிறிஸ்துநாயகம்தான். அதே வருடம் நவமணிக்கு உடுவில் பக்கத்தில் ஒரு கலியாணம் பேசி, மோதிரம் மாற்றுகிற மட்டும் வந்து, குழம்பிப்போனது. "உங்கள் பெண் போனில் ஆம்பிளைகளோடு கொஞ்சிக் கதைக்கிறவள்" என்று பெயரில்லாமல் ஒரு மொட்டைக்கடிதம் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தது. யார் எழுதியதென்று கடைசிவரை தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு சம்பந்தத்தையும் நவமணி வேண்டாமென்றுவிட்டாள். அவளுக்கு இப்போது முப்பத்திநான்கு வயது. தங்கைக்கு முதலில் செய்யுங்கள் என்று சொன்னவளும் அவள்தான்.

"அக்கா, சொல்லு, லேஸ் வைக்கட்டோ?" என்று செல்வநாயகி மெசினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"வை," என்றாள் நவமணி.

வேலையில் சேர்ந்த நாளில் அவள் ஒரு கடதாசியில் கையெழுத்து வைத்திருந்தாள். லைனில் கேட்கிற எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்ற சத்தியம். தெற்கே ஒரு எக்ஸ்சேஞ்சில் ஒருத்தி யாரோ ஒரு முதலாளியின் கதையைப் பக்கத்து வீட்டில் சொல்லி வேலையிழந்ததைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் காட்டுவார்கள். இந்த வீட்டில் இருவர் உழைத்தாலும், செல்வநாயகியின் சம்பளம் அவள் போகும்போது அவளோடு போய்விடும். பிறகு அம்மாவுக்கு நவமணியின் வேலைதான்.

ஆனால் அவளை அலைக்கழித்தது வேலை மட்டுமல்ல. அவள் கேட்டது அரைகுறை. வேலையில்லை, சரி. டொக்டர்? என்ன வருத்தம்? விசரா? வலிப்பா? ஒருவேளை டொக்டர் என்றது வேறு யாரைப் பற்றியோ? காலையில் ஒன்றை நினைப்பாள், மத்தியானம் அதை மாற்றிக்கொள்வாள்.

வேலையில் கை தடுமாறியது. ஒருநாள் சங்கக்கடை மனேச்சர் கேட்ட லைனை அரிசி மில்லுக்குக் கொடுத்தாள். இன்னொரு நாள், பேசி முடித்த இருவரின் வயரைக் கழற்ற மறந்து, அரைமணி நேரம் அந்த லைனை அடைத்து வைத்திருந்தாள். தபால் அதிபர் பரமலிங்கம் கதவடியில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, கலியாண வேலை தலைக்கு ஏறிட்டுதோ?"

"ஓம் சேர். கொஞ்சம் நித்திரை குறைவு."

"இரண்டு நாள் லீவு எடன்."

"வேண்டாம் சேர்." வீட்டில் இருப்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அம்மா தனியாக முற்றம் கூட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து அவள் கதையைத் தொடங்கினாள்.

"அம்மா, வளர்ந்தாப் பிறகு மாப்பிள்ளையை நாங்கள் ஒருக்கால்தானே பார்த்தம். ஆரும் கொழும்புக்குப் போய் அவற்றை கந்தோரிலை விசாரிச்சதோ?"

அம்மா நிமிரவில்லை. "கிறிஸ்துநாயகத்தாரின்ரை தம்பியை என்னெண்டு விசாரிக்கிறது? அந்த மனிசன் எங்களுக்குச் செய்த உதவிக்கு?"

"உதவி வேறை, இது வேறை. ஜேம்ஸ் மாமா அடுத்த கிழமை கொழும்புக்குப் போறார். அவரிட்டைச் சொல்லி ஒருக்கால்..."

"ஏன், ஏதும் கேள்விப்பட்டனியோ?"

நவமணி வாயைத் திறந்தாள். பிறகு, "இல்லை, சும்மாதான்," என்றாள்.

அம்மா விளக்குமாற்றை நிலத்தில் தட்டினாள். அவள் குரல் தணிவாகத்தான் இருந்தது. "உனக்குக் குழம்பினதெண்டு இவளுக்கும் குழம்ப வேணுமெண்டு நினைக்கிறியோ, பிள்ளை?"

நவமணி கிணற்றடிக்குப் போய், தேவையில்லாமல் இரண்டு வாளி தண்ணீர் அள்ளி ஊற்றினாள். அம்மா அப்படி நினைப்பாளென்றால் ஊர் என்ன நினைக்காது? நான் என்ன சொன்னாலும் எரிச்சலில் சொன்னதாகத்தான் போகும் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

*

அந்த ஞாயிறு கோயிலில், கலியாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய விவாக அறிவித்தலை இரண்டாம் முறை வாசித்தார்கள். ஐயர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இருவர் பெயரையும் சொல்லி, "இவர்கள் விவாகத்தில் இணையக் கூடாதபடிக்கு யாதொரு தடையை உங்களில் எவரேனும் அறிந்திருந்தால் தெரிவிக்கக் கடவீர்கள்," என்று வாசித்தார். முன்வரிசையில் கிறிஸ்துநாயகம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர்தான் சபையின் செயலாளர். நவமணிக்குப் பக்கத்தில் செல்வநாயகி வெட்கத்தோடு பாட்டுப் புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினாள். நவமணி எழுந்துவிடாமல் இருக்க, உட்கார்ந்திருந்த வாங்கின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஐயர் அடுத்த அறிவித்தலுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் கிறிஸ்துநாயகம் அவளைப் பார்த்துச் சிரித்தார். "பிள்ளைக்கு முகம் வாடிக்கிடக்கு. எல்லாம் நல்லபடி நடக்கும்." அந்தச் சிரிப்பில் கள்ளம் இருக்கிறதா என்று அவள் தேடினாள். இல்லை. களைப்புத்தான் தெரிந்தது.

திங்கட்கிழமை மத்தியானம், பலகை சும்மா இருந்த நேரத்தில், ஒரு கடதாசியை எடுத்து இடது கையால் எழுதத் தொடங்கினாள். "உங்கள் மகளுக்குப் பேசியிருக்கும் மாப்பிள்ளை வேலையில் இல்லை. வருத்தக்காரன். விசாரிக்கவும். இப்படிக்கு நலன்விரும்பி." எழுத்துகள் பிள்ளைகளின் கிறுக்கல்போல் வந்தன. அதை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன் அவளைப் பற்றி எழுதியவரும் இப்படித்தான் ஓர் அறையில் இருந்து எழுதியிருப்பார். தான் சொல்வது நல்லதுக்கென்றுகூட நினைத்திருக்கலாம். நவமணி அந்தக் கடதாசியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்தாள். கந்தோர்க் கூடைக்குள் போட மனமில்லாமல் வீடு போகும் வழியில் பற்றைக்குள் எறிந்தாள். காற்று அதில் பாதியைத் திரும்பத் தெருவுக்கே கொண்டுவந்தது.

இன்னும் நாலு நாள் போனது. கேக்குக்கு ரவை வறுத்தார்கள். பந்தல்காரன் வந்து முற்றத்தை அளந்து போனான்.

வெள்ளிக்கிழமை, பதினாறாந் திகதி, பதினொரு மணிக்கு இராசாத்தி தேத்தண்ணி குடிக்கப் போனாள். நவமணி யாழ்ப்பாணத்தைக் கூப்பிட்டு, கொழும்பைக் கேட்டு, அந்த வெள்ளவத்தை நம்பரைச் சொன்னாள். கோல் துண்டு எழுதவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவை.

ஜெபநேசன் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்போல, வயதான ஒருவர் எடுத்தார். ஜெபநேசன் அங்கே இருக்கிறாரா என்று கேட்டாள்.

"இருக்கிறான். ஆர் கதைக்கிறது?"

"கல்லடிச்சந்தி எக்ஸ்சேஞ்ச்."

சிறிது நேரத்தில் வேறொரு குரல் வந்தது. படியேறி வந்தவன்போல் மூச்சு வாங்கியது. "ஹலோ, அண்ணையோ?"

"இல்லை. நான் செல்வநாயகியின்ரை அக்கா, நவமணி." நேரடியாகவே கேட்டாள்: "தம்பி, உங்களுக்கு என்ன வருத்தம்?"

பிறகு அவன் சொன்னான். "சயரோகம், அக்கா. மார்ச்சிலை இருமேக்கை இரத்தம் வந்தது. மூண்டு மாசம் ஆஸ்பத்திரியிலை இருந்தனான். இப்ப குளிசை எடுக்கிறன். இனி மற்றவைக்குத் தொத்தாது எண்டு டொக்டர் சொல்லுறார். ஆனால் கொம்பனியிலை என்ரை வேலை நிரந்தரமில்லை. நிப்பாட்டிப்போட்டினம்."

"இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அண்ணை சொன்னவர், சயரோகமெண்டால் ஊரிலை ஒருத்தரும் பெண் தரமாட்டினம், படலையும் திறக்கமாட்டினமெண்டு. முடிஞ்சாப் பிறகு சொல்லுவமெண்டார்."

"நீங்களும் ஓமெண்டனீங்களோ?"

"ஓம்," என்றான் அவன். தப்பிக்கச் சாட்டு எதுவும் சொல்லவில்லை.

பலகையில் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மூடிகள் விழுந்தன. "நான் தங்கச்சிக்குச் சொல்லப்போறன்," என்றாள் நவமணி.

"சொல்லுங்கோ. நான் எழுதவெண்டு எத்தினை நாள் இருந்தனான். எழுதேல்லை."

*

சனிக்கிழமை மத்தியானம் அம்மா முட்டைக்குத் தங்கமுத்து அக்கா வீட்டுக்குப் போன பிறகு, நவமணி தையல் மெசினடிக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். லைனுக்குள் போனது, கேட்டது, மொட்டைக்கடிதம் எழுதிக் கிழித்தது, வெள்ளவத்தைக்குக் கதைத்தது. ஒன்றையும் விடவில்லை.

செல்வநாயகி மடியில் கிடந்த சட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். பிறகு, "எப்ப கேட்டனி, அந்தக் கோலை?" என்றாள்.

"போன செவ்வாய்க்கு முதல் செவ்வாய்."

"பதினொரு நாள். பதினொரு நாள் என்னைத் தைக்க விட்டிட்டுப் பார்த்துக்கொண்டு இருந்தனி. லேஸ் வை எண்டு வேறை சொன்னனி."

"எனக்கு வேலை போயிடுமெண்டு பயம். அம்மாவும் நான் எரிச்சலிலை..."

"அம்மா என்னவும் சொல்லட்டும். நீ என்னட்டை வந்திருக்க வேணும். கட்டப்போறது நான்." அவள் அழுதாள். அழுகையோடு சட்டையை மடித்தாள், விரித்தாள், திரும்ப மடித்தாள். நவமணி தோளில் கை வைக்கப் போனபோது தட்டிவிட்டாள்.

ஒரு மணி நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "நாளைக்குக் காலமை நான் ஐயரிட்டைப் போறன். நீ வரவேண்டாம்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தொடங்க முன்பே அவள் தனியே போய் ஐயரைக் கண்டாள். மூன்றாவது அறிவித்தல் வாசிக்கப்படவில்லை. ஐயர் ஞானஸ்நான அறிவித்தலிலிருந்து நேரே சங்கக் கூட்ட அறிவித்தலுக்குப் போனார். வாங்குகளில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார்கள். கிறிஸ்துநாயகம் கட்டிய கையைப் பிரித்தார். என்ன நடக்கிறதென்று அறியாத அம்மா நவமணியின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்டதும் அந்தக் கையை விட்டாள். அதன் பிறகு ஒன்றரை மாதம் நவமணியோடு பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மெயில் வண்டியில் ஜெபநேசன் வந்தான். அண்ணன் வீட்டுக்குப் போகாமல், ஸ்டேஷனில் இருந்து நேரே இவர்கள் வீட்டுக்கு வந்தான். மெலிந்து, கழுத்துப்பட்டி பெருத்துத் தெரிந்த சேட்டோடு விறாந்தைக் கதிரையின் நுனியில் இருந்தான். அம்மா குசினியை விட்டு வெளியே வரவில்லை. செல்வநாயகி அவனுக்கு எதிரே ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். நவமணி அறை வாசலில் நின்றாள்.

"அண்ணை மறைக்கச் சொல்லேக்கை ஏன் ஓமெண்டனீங்கள்?" என்று செல்வநாயகி கேட்டாள்.

"ஆஸ்பத்திரியிலை இருக்கேக்கை, இனி எனக்கொண்டும் இல்லையெண்டு நினைச்சிட்டன். வெளியிலை வந்த உடனை உங்கடை போட்டோ வந்தது. அதை விட மனம் வரேல்லை. சொன்னால் போயிடுமெண்டு பயம்."

"அக்கா கண்டுபிடிக்காட்டி, கலியாணத்துக்கு முதல் நாளெண்டாலும் சொல்லியிருப்பீங்களோ?"

"தெரியாது," என்றான்.

செல்வநாயகி கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்: "இருபத்திநாலாந் திகதி கலியாணம் இல்லை. நீங்கள் போய் வடிவாச் சுகமாகுங்கோ. அதுக்குப் பிறகும் விருப்பமெண்டால் நீங்களே வந்து என்னட்டைக் கேளுங்கோ. அண்ணையை அனுப்பாதேங்கோ. நான் ஓமெண்டுதான் சொல்லுவன் எண்டும் நினைக்காதேங்கோ."

அவன் தலையாட்டினான். எழுந்து போகும்போது, தான் தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கையிலெடுத்துக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றான். செல்வநாயகி அதை அவன் கையிலிருந்து வாங்கினாள்.

*

சீனியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அம்மா செல்வநாயகியிடம் சொல்லிவிட்டாள். யார் கொடுக்க வேண்டுமென்றும் சொல்லிவிட்டாள். நவமணி பதினான்கு வீட்டுக்கும் நடந்தாள். சிலர் வாங்கிக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சிலர் உள்ளே கூப்பிட்டு இருத்தி, "என்ன பிள்ளை, உண்மையாய் என்ன நடந்தது?" என்று கேட்டார்கள். ஒருத்தி மட்டும் வெளிப்படையாகவே சொன்னாள்: "மூத்தவள் இருக்க இளையவளுக்குச் செய்யப் போனால் இப்பிடித்தான்." நவமணி வெறும் பேணியோடு படலையைச் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

விஷயம் எப்படி வெளியே வந்ததென்று கிறிஸ்துநாயகத்துக்கு விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை தபால் கந்தோருக்கு வந்து, பரமலிங்கத்தின் மேசைக்கு முன் நின்று, ஆறாந் திகதி பத்தரை மணிக்குத் தன் கோலை இணைத்தது யாரென்று கேட்டார். பரமலிங்கம் கோல் துண்டுகளைப் புரட்டினார். "இராசாத்தி," என்று வாசித்தார்.

பின்னறையில் இராசாத்திக்கு அது கேட்டது. அவள் சட்டென்று எழுந்தாள். அவள் புருஷன் வேலை தேடிக் காங்கேசன்துறைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அலைந்துகொண்டிருந்த காலம் அது. "அண்டைக்கு நான் பிள்ளையோடை..." என்று தொடங்கியவளின் கையைப் பிடித்து இருத்திவிட்டு நவமணி எழுந்து வெளியே போனாள்.

"இராசாத்தியில்லை, சேர். நான்தான் இருந்தனான். நான்தான் கேட்டது," என்றாள்.

கிறிஸ்துநாயகம் அவளைப் பார்த்தார். கத்துவார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் தொப்பென்று வாங்கில் உட்கார்ந்தார். "அவன் செத்துப்போவான் எண்டு நினைச்சனான், பிள்ளை," என்றார். "பிழைச்சு வந்தவனுக்கு ஒரு வீடு வாசல் பார்த்துக் குடுக்க நினைச்சன். வேறை என்ன?" பிறகு எழுந்து போனார். முறைப்பாடு எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை.

பரமலிங்கம் கதவைச் சாத்தினார். "பிள்ளை, இப்ப சொன்னதை நான் கேக்காத மாதிரி இருக்கலாம். அவரும் எழுத்திலை ஒண்டும் தரேல்லை. நீ எழுதித் தந்தால் நான் மேலை அனுப்பத்தான் வேணும்."

"துண்டிலை இராசாத்தியின்ரை பேர் கிடக்கு, சேர். நாளைக்கு அவர் மனம் மாறி எழுதினால்?"

"எழுதமாட்டார்."

"எனக்குத் தெரியாது, சேர். இனி ஒவ்வொரு நாளும் அதை யோசிச்சுக்கொண்டு இருக்க என்னாலை ஏலாது." அவள் அங்கேயே ஒரு தாள் வாங்கி எழுதினாள். துண்டு போடாமல் வெள்ளவத்தைக்குக் கதைத்ததையும் சேர்த்தே எழுதினாள்.

செப்டெம்பரில் யாழ்ப்பாணத்தில் விசாரணை நடந்தது. வேலை போகவில்லை. எச்சரிக்கை, ஒரு வருடச் சம்பள உயர்வு நிறுத்தம், ஒரு வருடத்துக்கு வவுனியாவுக்கு மாற்றம். பெட்டி கட்டுகிற அன்றுதான் அம்மா வாய் திறந்தாள். "அங்கை தண்ணி சரியில்லையாம். சுடவைச்சுக் குடி," என்றாள். அன்று முற்றத்தில் அவளைப் பார்த்துக் கேட்ட அந்தக் கேள்வியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

*

வவுனியாவில் பெர்னடெட் என்ற ஆஸ்பத்திரித் தாதியின் வீட்டில் நவமணிக்கு ஓர் அறை கிடைத்தது. முதல் மாதம் முழுக்க ஊருக்குத் திரும்ப விண்ணப்பம் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தாள். அங்கே பலகை பெரிது. தமிழும் சிங்களமும் கலந்து வரும். காடு வெட்டிச் சேனைப்பயிர் செய்பவர், லொறிக்காரர், ரெயில்வேக்காரர் என்று குரல்கள் மாறிக்கொண்டேயிருக்கும். யார் கதைக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டியிருக்கவில்லை. மூன்று நிமிடம் முடிந்ததும் உள்ளே போய்ச் சொல்லிவிட்டு உடனே வெளியே வந்துவிடுவாள்.

ஜெபநேசன் காங்கேசன்துறை ஆஸ்பத்திரியில் மிச்ச மருந்தை எடுத்தான். அடுத்த ஏப்ரலில், சுகமாகிவிட்டதென்று டொக்டர் எழுதிக் கொடுத்த சான்றிதழோடு, ஒரு வெங்காய வியாபாரியிடம் கணக்கெழுதும் வேலையோடு, சயிக்கிளில் தனியாக வந்து செல்வநாயகியிடம் கேட்டான். அவள் ஒரு மாதம் தவணை கேட்டாள். பிறகு ஓமென்றாள். "ஏன் ஓமெண்டனான் எண்டு நீ கேப்பாய்," என்று அக்காவுக்கு எழுதியிருந்தாள். "அண்டைக்குத் தெரியாதெண்டு சொன்னாரே, அது எனக்குப் பிடிச்சுக்கொண்டுது. ஓமெண்டு ஒரு பொய் விடை அவர் சொல்லியிருக்கலாம்."

ஜூலையில் கலியாணம். கேக் சின்னது. கோயில் முன்வரிசையில் கிறிஸ்துநாயகம் இருந்தார். நவமணி தேத்தண்ணித் தட்டோடு அவரிடம் போனபோது, "எப்பிடிப் பிள்ளை, வவுனியா?" என்று கேட்டார். "பரவாயில்லை அண்ணை," என்றாள். இரண்டு நாள் லீவுதான். மாலை வண்டியிலேயே அவள் திரும்பினாள்.

அந்த ஒக்டோபரில் அவளுக்கு மாற்றக் கட்டளை வந்தது. தண்டனைக் காலம் முடிந்துவிட்டது, கல்லடிச்சந்திக்கே திரும்பலாம். பெர்னடெட்டுக்குக் காட்டினாள். "நல்ல விஷயந்தானே," என்றாள் பெர்னடெட். "அம்மா தனிய எண்டு சொன்னனீங்கள்."

"தங்கச்சியும் மருமகனும் அம்மாவோடைதான் இருக்கினம்," என்றாள் நவமணி.

அன்றைக்கு முழுக்க அந்தக் கடிதத்தை மேசை லாச்சிக்குள் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். ஊரில் அறுபத்திரண்டு மூடிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் அவளுக்குத் தெரிந்த ஒரு முகம், அவளைத் தெரிந்த ஒரு வீடு. போன மாதம்தான் அவள் பழைய சயிக்கிளொன்று வாங்கி, குளக்கட்டில் ஓடப் பழகியிருந்தாள். முப்பத்தைந்து வயதில், யாரும் பார்த்தாலும் பார்க்கட்டும் என்று. இரண்டு தடவை விழுந்த காயம் முழங்காலில் இன்னும் ஆறவில்லை.

அடுத்த நாள் வேலைக்குப் போனதும், தான் இன்னும் ஒரு வருடம் வவுனியாவிலேயே இருக்க விரும்புவதாக எழுதி, கையெழுத்து வைத்து, அங்கத்தைய தபால் அதிபரின் மேசையில் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, இப்படி ஒரு விண்ணப்பம் தனக்கு இதுவரை வந்ததில்லை என்றார்.